வெயிலையே நஞ்சாக்கும் பூஞ்சை

ஒரு சோதனையைச் சொல்கிறேன், கேளுங்கள். புகையிலைச் செடியின் செல்களைச் சத்துநீரில் தனியாக வளர்க்கிறார்கள். அந்த நீரை இரண்டு குடுவைகளில் சம அளவு ஊற்றி, இரண்டிலும் சிவப்பு நிறமுள்ள ஒரு பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். ஒரு குடுவை இருட்டறைக்குப் போகிறது. மற்றதை விளக்கு வெளிச்சத்தில் வைக்கிறார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால், இருட்டில் இருந்த செல்கள் உயிருடன் இருக்கின்றன. வெளிச்சத்தில் இருந்தவை செத்துக் கிடக்கின்றன.

செல்லும் ஒன்று, நீரும் ஒன்று, சேர்த்த பொருளும் ஒன்று. வேறுபாடு ஒளி மட்டுமே. ஒளி இல்லாவிட்டால் செடி வாழாது என்றுதான் சிறு வகுப்பிலிருந்து படித்து வருகிறோம். இங்கே ஒளி பட்டதால் செடியின் செல் சாகிறது! இது எப்படி?

அந்தச் சிவப்புப் பொருளின் பெயர் செர்க்கோஸ்போரின். பீட்டா வல்காரிஸ் என்ற பீட் பயிரின் இலைகளைப் புள்ளி புள்ளியாகக் கருக வைக்கும் ஒரு பூஞ்சையும் இந்தப் பொருளைச் செய்கிறது. பூஞ்சையைப் பற்றி எழுத இயற்பியல்காரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறை நண்பரும் அதையே கேட்டார். செர்க்கோஸ்போரின் செய்யும் வேலையை அவருக்கு விளக்கியபோது, கரும்பலகையில் நான் எழுத வேண்டியிருந்தது பூஞ்சையின் படத்தை அல்ல, ஃபோட்டானின் ஆற்றலுக்கான சமன்பாட்டை! ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

சர்க்கரை பீட்

நம் வீட்டுக் குழம்பிலும் பொரியலிலும் சேரும் பீட்ரூட் சிவப்பாக இருக்கும். அதே இனத்தின் மற்றொரு வகை சர்க்கரை பீட். அதன் வேர் வெண்மையாக, கூம்பு வடிவில் இருக்கும். எடையில் 100க்கு 16 முதல் 18 பங்கு வரை சர்க்கரை அதில் சேர்ந்திருக்கும். நாம் கரும்புச் சர்க்கரையையே பார்த்துப் பழகியவர்கள். ஆனால் உலகில் ஆகும் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த பீட்டிலிருந்துதான் கிடைக்கிறது. ரஷ்யா, பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகியவை இதைப் பெருமளவில் பயிரிடுகின்றன.

பீட்டில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் ஒரே சர்க்கரைதான் என்று 1747ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் காட்டியவர் மார்க்கிராஃப். அவருடைய மாணவர் ஆக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவில் முதல் பீட் சர்க்கரை ஆலையை நிறுவினார். ஆக்கார்டு இயற்பியலிலும் ஈடுபாடு உடையவர் என்பதை என் துறைக்காகச் சொல்லி வைக்கிறேன்!

ஆலைக்கு வரும் ஒவ்வொரு வண்டி பீட்டிலும் சர்க்கரை எவ்வளவு என்று எப்படிப் பார்க்கிறார்கள்? அதுவும் ஒளியைக் கொண்டுதான். சர்க்கரைக் கரைசல், தளவிளைவுற்ற ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்பக்கமாகத் திருப்பும். கரைசலில் சர்க்கரை மிகுந்தால் திருப்பமும் மிகும். போலாரிமீட்டர் என்ற கருவியில் இந்தக் கோணத்தை அளந்து, சர்க்கரையின் அளவைக் கணக்கிடுகிறார்கள். கல்லூரிக்கு வந்தால் நீங்களும் இதைச் செய்வீர்கள். உழவருக்குக் கிடைக்கும் விலையும் அந்தக் கோணத்தைப் பொறுத்தே அமையும். அவருடைய வயலில் இலைப்புள்ளி நோய் வந்து போயிருந்தால், கோணம் குறைந்து அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

புள்ளியிலிருந்து பொசுங்கல்

இந்தப் பூஞ்சைக்குச் செர்க்கோஸ்போரா பெட்டிகோலா என்று பெயர். இத்தாலிய அறிஞர் சாக்கார்டோ 1876ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். முதலில் வெளிப்புற முதிர்ந்த இலைகளில் வட்டப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொன்றும் 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நடுவில் சாம்பல் நிறம். சுற்றிலும் செம்பழுப்பு அல்லது ஊதா நிற விளிம்பு. புள்ளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் இலை முழுவதும் பழுப்பாகிக் காய்ந்து தரையில் சாயும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வயலில் யாரோ தீ வைத்ததுபோல் தோன்றும்.

சென்ற பருவத்தில் வயலில் கிடந்த காய்ந்த இலைத் துணுக்குகளில் பூஞ்சை உயிருடன் தங்கியிருக்கும். ஓராண்டுக்கு மேலும் அது அப்படிக் கிடக்கக்கூடும். மழைத்துளி தெறிக்கும்போதும் காற்று வீசும்போதும் ஊசிபோல் மெலிந்த நீண்ட வித்துகள் புது இலையை வந்தடைகின்றன. அங்கே ஈரம் இருந்தால் வித்து முளைத்து, இழை நீட்டி, இலைத்துளையைத் தேடி உள்ளே நுழையும். இலை சுவாசிக்கத் திறந்து வைத்திருக்கும் வாசல் அது! பகலில் 25 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பமும், இரவிலும் 16 பாகைக்குக் குறையாத வெப்பமும், பல மணி நேரம் உலராத ஈரமும் இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உள்ளே நுழைந்தது கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும்.

இலை போனால் என்ன, வேர்தானே வேண்டும் என்று எண்ணாதீர்கள். சர்க்கரை செய்யும் தொழிற்சாலை இலை. வேர் அதன் கிடங்கு. இலைகள் கருகியதும் செடி சும்மா இருப்பதில்லை. புது இலைகளை விடுகிறது. அதற்கு வேண்டிய சர்க்கரையை எங்கிருந்து எடுக்கும்? கிடங்கிலிருந்துதான். இப்படி வரவும் நின்று, சேமிப்பும் கரைகிறது. கடுமையாக நோய் கண்ட வயலில் எடுக்கக்கூடிய சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குகூடப் போய்விடும். மிஞ்சிய வேர்களிலும் வேண்டாத உப்புகள் மிகுந்திருப்பதால், சர்க்கரையைப் பிரித்தெடுப்பது ஆலைக்குத் தொல்லையாகிறது.

ஒளி வந்து சேர்ந்த கதை

வெளிச்சம் மிகுந்த இடத்தில் வளரும் பீட் செடிகளில் நோயின் அடையாளங்கள் கடுமையாகவும், ஒளி குறைந்த இடத்தில் இலேசாகவும் இருக்கின்றன என்று 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள் எழுதினர். காரணம் அப்போது விளங்கவில்லை. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1957இல், ஜப்பானில் சோயா மொச்சை விதையை ஊதாவாக்கும் மற்றொரு செர்க்கோஸ்போராவிலிருந்து குயாமா, டமுரா என்ற இருவர் ஒரு சிவப்பு நிறமியைப் பிரித்திருந்தார்கள். அதுதான் செர்க்கோஸ்போரின். பீட் பூஞ்சையும் அதையே செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

இந்த இரண்டு செய்திகளையும் இணைத்தது 1982ஆம் ஆண்டில் மார்கரெட் டாப் என்ற அமெரிக்கப் பெண் அறிஞர் வெளியிட்ட ஆய்வு. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சோதனை அதைச் சார்ந்ததே. புகையிலைச் செல்களோடு பீட் செல்களையும் மக்காச்சோளச் செல்களையும் அவர் சோதித்தார். வெளிச்சத்தில் சாகின்றன, இருட்டில் சாவதில்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. எந்த நிற ஒளி கொல்கிறது என்றும் பார்த்தார். செர்க்கோஸ்போரின் எந்த அலைநீளங்களை உட்கவர்கிறதோ, அதே அலைநீளங்களே செல்களைக் கொன்றன. இந்த ஒரு முடிவே போதும், குற்றவாளி யார் என்று சொல்ல. ஒளி நேராகச் செல்லைக் கொன்றிருந்தால் இப்படிப் பொருந்தி வராது. அந்த நிறமி ஒளியை வாங்கி, வேறு எதற்கோ கொடுத்திருக்கிறது.

எதற்குக் கொடுத்தது? இங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஆக்சிஜனின் பூட்டு

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். நம் உடலும், மரமும், துணியும், புத்தகமும் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியக் கூடியவை. பின் ஏன் நாம் காற்றில் நின்றபடியே எரிந்துபோவதில்லை? ஆக்சிஜன் மூலக்கூறின் அமைப்பில் ஒரு பூட்டு இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்திருக்கும். சோடியில் ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கி என்றால் மற்றதன் தற்சுழற்சி கீழ்நோக்கி. ஆனால் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் சோடி சேராமல் தனித்தனியே நிற்கின்றன. இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையில். இதை மும்மை நிலை என்பர். திரவ ஆக்சிஜனை வலிமையான காந்தத்தின் முனைகளுக்கு இடையே ஊற்றினால் அது விழாமல் முனைகளில் ஒட்டி நிற்கும். சோடியில்லாத எலக்ட்ரான்களே அதற்குக் காரணம். ஒரே திசையில் சுழலும் இவை, சோடி சேர்ந்த எலக்ட்ரான்களுடைய கொழுப்போடோ புரதத்தோடோ எளிதில் பிணைய முடியாது. அதுதான் பூட்டு.

ஆக்சிஜனுக்கு 0.98 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைக் கொடுத்து, ஒரு எலக்ட்ரானின் சுழற்சியையும் திருப்பிவிட்டால் இரண்டும் சோடி சேர்ந்துவிடும். அப்போது கிடைப்பது ஒருமை நிலை ஆக்சிஜன். பூட்டு திறந்துவிட்டது. அது கண்ட கொழுப்பின்மேல் எல்லாம் பாயும்.

ஆற்றல் என்னவோ சிறியதுதான். ஃபோட்டானின் ஆற்றலைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. 12400ஐ ஆங்ஸ்ட்ராம் அலகில் அமைந்த அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் விடை வரும். (உங்கள் புத்தகத்தில் அலைநீளம் நானோமீட்டரில் இருந்தால் 1240ஐ வகுத்துக் கொள்ளுங்கள்.) 12700 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிருக்கு 12400 ÷ 12700 = 0.98. சூரிய ஒளியில் இந்தக் கதிர் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஆக்சிஜன் அதை நேராக வாங்கிக் கொள்வது மிக மிக அரிது. ஒளியை வாங்கும்போது தற்சுழற்சி மாறுவதற்கு இயற்கை விதி எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. முறையும் சரியாக இருக்க வேண்டும்.

பூஞ்சை செய்த தரகனே செர்க்கோஸ்போரின். அது நீலத்தையும் பச்சையையும் விழுங்குவதால்தான் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. 4700 ஆங்ஸ்ட்ராம் நீல ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 12400 ÷ 4700 = 2.64 எலக்ட்ரான் வோல்ட். தேவையைவிட இரண்டரை மடங்குக்கு மேல்! இதை வாங்கிக் கிளர்வுற்ற செர்க்கோஸ்போரின், ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து, தானும் ஒரு மும்மை நிலைக்கு வருகிறது. அந்த நிலையில் சற்றே நீண்ட நேரம் தங்க முடியும். அப்போது அருகில் வரும் ஆக்சிஜனோ ஏற்கெனவே மும்மை நிலையில் இருப்பது. இருவரும் ஆற்றலையும் சுழற்சியையும் மாற்றிக் கொள்கிறார்கள். ஒன்றின் சுழற்சி மாறும்போது மற்றதன் சுழற்சியும் ஈடாக மாறுவதால் கூட்டுத் தொகை கெடுவதில்லை, விதியும் மீறப்படவில்லை. செர்க்கோஸ்போரின் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆக்சிஜன் ஒருமை நிலைக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, செர்க்கோஸ்போரின் தீர்ந்துபோவதில்லை என்பது. அதே மூலக்கூறு அடுத்த ஃபோட்டானுக்குத் தயார். ஒரு துளி நஞ்சு வெயில் உள்ளவரை வேலை செய்யும். செலவை ஏற்பது சூரியன்!

ஒருமை ஆக்சிஜன் நீரில் நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரமே வாழும். அதற்குள் அது வெகு தூரம் போய்விட முடியாது. ஆனால் போக வேண்டிய தூரமும் மிகக் குறைவு. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது. செர்க்கோஸ்போரின் அங்கே இருக்கும்போது, பிறந்த இடத்திலேயே ஆக்சிஜனுக்கு இரை கிடைக்கிறது. சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து சவ்வு இறுகி ஓட்டையாகிறது. செல்லின் சாறு வெளியே கசிகிறது. அந்தச் சாற்றை உண்டுதான் பூஞ்சை வளர்கிறது. இலைகளில் நீங்கள் காணும் சாம்பல் புள்ளி, அப்படிச் சாறு இழந்து செத்த செல்களின் கூட்டம்.

இங்கே ஒரு கேள்வி. 6500 ஆங்ஸ்ட்ராம் சிவப்பு ஒளியில் செர்க்கோஸ்போரின் சேர்த்த செல்களை வைத்தால் என்ன ஆகும்? கணக்கிட்டால் 1.9 எலக்ட்ரான் வோல்ட் வரும், தேவையான 0.98ஐவிட அதிகம்தான். ஆகவே செல்கள் சாகும் என்று விடை எழுதிவிடாதீர்கள். சிவப்பு நிறப் பொருள் சிவப்பு ஒளியை வாங்குவதில்லை. வாங்காத ஃபோட்டானில் எவ்வளவு ஆற்றல் இருந்தால் என்ன?

ஒளியும் சாயமும் சேர்ந்து உயிரைக் கொல்வது அறிவியலுக்குப் புதிதல்ல. 1900ஆம் ஆண்டில் ம்யூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்ற சாயத்தில் பரமீசியங்கள் எவ்வளவு நேரம் உயிர் வாழ்கின்றன என்று பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு நாளைய விடை மறுநாள் வரவில்லை. சாயம் ஒன்றே, அளவும் ஒன்றே. அறையில் இருந்த வெளிச்சம்தான் மாறியிருந்தது என்று அவர் கண்டுபிடித்தார். செய்முறைத் தேர்வில் விடை மாறினால் எண்ணைத் திருத்தி எழுதும் மாணவர்களை எனக்குத் தெரியும், ராப் திருத்தவில்லை. இன்று சில வகைப் புற்றுநோய்களுக்கு ஒளியுணர் மருந்தைக் கொடுத்து, கட்டியின்மேல் ஒளி பாய்ச்சும் சிகிச்சை அவர் கண்ட உண்மையிலிருந்து வந்ததே.

பூஞ்சை ஏன் சாகவில்லை?

பூஞ்சைக்கும் சவ்வு உண்டு. அதுவும் கொழுப்பால் ஆனதே. வெயில் அதன்மேலும் படுகிறது. தன் நஞ்சால் தானே சாகாதது எப்படி?

கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் வகைப் பொருள்கள் ஒருமை ஆக்சிஜனை அடக்க வல்லவை. ஆகவே முதலில் அவற்றின்மேல் எண்ணம் சென்றது. ஆனால் கரோட்டின் செய்ய முடியாத பூஞ்சை வகைகளை உண்டாக்கிப் பார்த்தபோது அவையும் நஞ்சைத் தாங்கிக் கொண்டன. பூஞ்சை தன் இழைக்குள் இருக்கும் செர்க்கோஸ்போரினை வேதி ஒடுக்கம் செய்து, தீங்கு குறைந்த வேறு வடிவில் வைத்துக்கொள்கிறது; வெளியே தள்ளிய பிறகே அது சிவப்பாகி வேலையைத் தொடங்குகிறது என்பது ஒரு விளக்கம். மற்றொரு விளக்கம் 1999ஆம் ஆண்டில் கிடைத்தது. நஞ்சைத் தாங்கும் திறன் இழந்த பூஞ்சைகளில் கெட்டுப்போயிருந்த ஒரு ஜீனைத் தேடிப் பிடித்தார்கள். அது வைட்டமின் பி6 செய்வதற்கான ஜீன்! பி6 ஒருமை ஆக்சிஜனை நன்றாகவே அடக்கும் என்பது அதன் பிறகுதான் வெளிப்பட்டது. நாம் வைட்டமின் மாத்திரையில் விழுங்கும் அதே பி6தான்.

நஞ்சு இல்லாவிட்டால் பூஞ்சை தோற்றுவிடுமா? செர்க்கோஸ்போரின் செய்யும் ஜீனைப் புகையிலையைத் தாக்கும் உறவுப் பூஞ்சையில் கெடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் புள்ளிகள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைந்தன, அடியோடு மறையவில்லை. ஆகவே ஒளி அதன் முதன்மையான படைக்கலம் என்று சொல்லலாமே தவிர ஒரே படைக்கலம் என்று சொல்லக்கூடாது.

வயலில் நடக்கும் போர்

வெயிலை நிறுத்த உழவரால் முடியாது. ஈரத்தை அளக்க முடியும். அமெரிக்காவில் மின்னசோட்டா, வட டகோட்டா மாநிலங்களுக்கு இடையே உள்ள சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கு பெரிய பீட் வட்டாரம். அங்கே 1980களில் ஷேன், டெங் என்ற இருவர் ஒரு கணக்கு முறையை வகுத்தனர். ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் மிகுந்திருந்த மணி நேரங்களையும், அப்போது இருந்த வெப்பத்தையும் கொண்டு அந்த நாளுக்கு 0 முதல் 7 வரை ஒரு மதிப்பெண் இடுவார்கள். தொடர்ந்து வரும் இரு நாள்களின் மதிப்பெண் சேர்ந்து 7ஐ எட்டினால் பூஞ்சை பரவ ஏற்ற காலம். மருந்து தெளிக்க ஆயத்தமாக வேண்டும். எட்டாவிட்டால் பணமும் மருந்தும் மிச்சம்.

மருந்தின் கதைதான் வருத்தமானது. பெனோமில் முதலான மருந்துகள் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1973இல், வட கிரேக்க நாட்டில் அவற்றுக்கு மசியாத பூஞ்சை பெருகிவிட்டது. அடுத்து வெள்ளீயம் கலந்த மருந்து. 1994இல் சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கில் அதையும் தாங்கும் பூஞ்சை தென்பட்டது. 1998இல் அங்கே நோய் கொள்ளையாகப் பரவியது. அதன் பிறகு ஸ்ட்ரோபிலூரின் என்ற மருந்து வகை கைகொடுத்தது. 2016ஆம் ஆண்டில் அதுவும் பொய்த்து, மீண்டும் பெரிய இழப்பு. பூஞ்சையில் நடந்த மாற்றம் எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு புரதத்தின் 143ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் வந்தது. அதற்கு ஜீனில் ஓரெழுத்து மாறினால் போதும். மருந்து அந்த இடத்தில் பொருந்தாமல் நழுவிவிட்டது.

இப்போது உழவர்கள் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் வெவ்வேறு வகைகளைக் கலந்தும் மாற்றியும் தெளிக்கிறார்கள். பீட் போட்ட நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் தானியம்போல வேறு பயிர் வைக்கிறார்கள். பழைய இலைத் துணுக்குகள் மக்க அந்த இடைவெளி வேண்டும். 2021 முதல் நோயை நன்கு தாங்கும் புதிய பீட் வகைகள் அமெரிக்க வயல்களுக்கு வந்துள்ளன. அவற்றின் வலிமை பெரிதும் ஒரு ஜீனைச் சார்ந்தது. ஓரெழுத்து மாற்றத்தால் ஒரு மருந்தையே வென்ற பூஞ்சையின் எதிரில், அந்த ஒரு ஜீனை மட்டும் நம்பி மருந்தை முற்றிலும் நிறுத்துவது சரியாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் நீலகிரியில் விளையும் பீட்ரூட்டும் பீட்டா வல்காரிஸ்தான். இதே பூஞ்சை அதன் இலையிலும் புள்ளி போடும். நிலக்கடலை வயலில் நீங்கள் பார்த்திருக்கும் டிக்கா இலைப்புள்ளி நோயும் இதன் உறவுப் பூஞ்சைகளால் வருவதே. சந்தையில் இலையோடு பீட்ரூட் கிடைத்தால் புள்ளி விழுந்த இலை ஒன்றை எடுத்து, கைலென்ஸ் கொண்டு புள்ளியின் நடுவே பாருங்கள். சாம்பல் நிறத்தில் மிளகுப்பொடி தூவினாற்போல் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை வித்துகள் முளைத்தெழும் மேடைகள். இலையை ஈரத் துணியோடு ஒரு மூடிய டப்பாவில் வைத்து இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். அந்த மேடைகள்மேல் வெண்சாம்பல் பஞ்சுபோல் வித்துகள் எழுந்திருக்கக் கூடும். கரும்புள்ளிகளே இல்லையென்றால், அது வேறு நோயாக இருக்கலாம்.